அட்டையின் வரம்பும் வயலின் விளைச்சலும்
இயற்கை உழவருக்கு ஒரு கடன் கணக்குப் பாடம்

நம் ஊரில் 'ரெண்டு வட்டி' என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் ரெண்டு ரூபாய். 'அஞ்சு வட்டி' என்றால் கேட்டவர் முகம் சுருங்கிவிடும். ஆனால் அதே ஆளிடம் வங்கிக்காரர் 'வருடத்துக்கு 42 சதவீதம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாளை நீட்டினால், கையெழுத்துப் போட்டுவிட்டு பேனாவைத் திருப்பிக் கொடுப்பார். வட்டி கூடுதல் என்பதால் மட்டும் மக்கள் கடனில் மாட்டுவதில்லை. எத்தனை வட்டி என்று தெரியாமலே மாட்டிக்கொள்கிறார்கள். வங்கியில் விவசாயக் கடன் மேசையில் பல ஆண்டு உட்கார்ந்திருந்தவன், இப்போது தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று ஏக்கரில் நெல் போடுகிறவன் என்ற முறையில், இந்தக் கணக்கை நம் மொழியில் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவசாயி கடன்படுவது ஊதாரித்தனத்தால் என்று நகரத்தில் சிலர் பேசுவார்கள். அது சரியல்ல. 2024-ல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணியை மட்டும் நம்பியவருக்குக் குறுவை போச்சு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னையைச் சாய்த்தபோது, ஒரே ராத்திரியில் பல ஆண்டு வருமானம் படுத்துவிட்டது. தவணைக் கெடு மட்டும் படுக்கவில்லை. நியாய விலைக்கும் தண்ணீருக்கும் நாம் போராடுவது இதற்காகத்தான். ஆனால் போராட்டம் ஜெயிக்கும்வரை வீடும் வயலும் கையில் இருக்க வேண்டுமே. அதற்கான பாடம் இது.

உரமும் கடனும் ஒரே மூட்டையில் வந்த கதை

தஞ்சாவூர் மிராசுதார்களும் குத்தகைக்காரர்களும் செட்டியாரிடமும் லேவாதேவிக்காரரிடமும் கடன்பட்டது பழைய கதை. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, கட்ட முடியாத கடன் குவிந்தது. 1938-ல் ராஜாஜி அரசு விவசாயிகள் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து, பழைய கடன்களின் நிலுவை வட்டியைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அன்றைய கடன் பெரும்பாலும் வரிக்கும் கல்யாணத்துக்கும் வழக்குக்கும் பஞ்சத்துக்கும் வாங்கியது. விதையும் எருவும் வீட்டிலேயே இருந்தன. பயிர் வைப்பதற்கே ஒவ்வொரு போகமும் ரொக்கக் கடன் வாங்க வேண்டும் என்ற நிலை பொதுவாக இல்லை.

அந்த நிலை மாறியது 1960-61-ல். இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூரிலும் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வந்தது. அமெரிக்க ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு வந்த இந்தத் திட்டத்தை 'பேக்கேஜ் திட்டம்' என்றே சொன்னார்கள். விதை, ரசாயன உரம், பூச்சி மருந்து, ஆலோசனை, இவற்றோடு கூட்டுறவுக் கடன், எல்லாம் ஒரே பொட்டலம். உரம் வாங்கக் கடன், கடன் வாங்கினால் உரம். கொஞ்ச வருடத்தில் ஏ.டி.டி.27 போன்ற ரகங்கள் வந்தபோது இந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் பல சொசைட்டிகளில் பயிர்க்கடனில் ஒரு பகுதி ரொக்கமாகவும் ஒரு பகுதி உரமாகவும் தரும் வழக்கம் இருக்கிறது.

உரத்தை விட்டுவிட்டு வெளியே வந்தவர்கள் நாம். அதே பொட்டலத்தில் வந்த கடன் பழக்கத்தை விட்டோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லா வட்டியையும் ஒரே மொழிக்கு மாற்றுங்கள்

ஆண்டு வட்டியை 12-ஆல் வகுத்தால் நம் ஊர் வட்டி வந்துவிடும். ஒரு நோட்டில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்:

கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன், கெடுவுக்குள் கட்டினால்: தமிழ்நாட்டில் வட்டி இல்லை.

வங்கியின் விவசாயக் கடன் அட்டை, அதாவது கேசிசி, 3 லட்சம் வரை, கெடுவுக்குள் கட்டினால் ஆண்டுக்கு 4 சதவீதம்: 33 பைசா வட்டி.

அதே கேசிசி, கெடு தவறாதவருக்கான 3 சதவீதச் சலுகை இல்லாமல் 7 சதவீதம்: 58 பைசா வட்டி.

வங்கி நகைக்கடன், 9 சதவீதம் என்று வைத்தால்: முக்கால் வட்டி.

குழுவில் தரும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன், 24 சதவீதம் என்று வைத்தால்: ரெண்டு வட்டி.

கிரெடிட் கார்டில் முழுத் தொகையைக் கட்டாமல் பாக்கி வைத்தால், மாதம் மூன்றரை சதவீதம், அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.: நாலு வட்டிக்கு மேல்.

இந்த வரிசையில் இரண்டு கடன்கள் வேஷம் போட்டு வரும். அவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, 'ஃபிளாட்' வட்டி. டிராக்டர், பவர் டில்லர், பைக் விற்கிறவர்கள் '10 சதவீதம்தான் சார்' என்பார்கள். ஒரு லட்சத்துக்கு மூன்று வருடம் 30,000 வட்டி, மொத்தம் 1,30,000, மாதம் 3,611. நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம்வரை முழு ஒரு லட்சத்துக்கே போடப்படுகிறது. உண்மையான வட்டி ஏறத்தாழ 18 சதவீதம். அதாவது ஒன்றரை வட்டி. 'குறையும் பாக்கி மேல் எத்தனை சதவீதம்?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் உண்மை வெளியே வந்துவிடும்.

இரண்டாவது, தண்டல். 10,000 என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். 'நூத்துக்கு பதினைஞ்சுதானே' என்று தோன்றும். கணக்குப் போட்டால் அது மாதம் ஏறத்தாழ 10 சதவீதம். பத்து வட்டி! பிடித்தம் 1,000 மட்டும் என்றாலும் ஆறு வட்டிக்கு மேல் வரும். தினமும் பால் பணம் வருகிறவர்கள் இதில் எளிதாக விழுவதற்குக் காரணம், நூறு ரூபாய் சின்னதாகத் தெரிவதுதான்.

கேசிசி: நல்ல கருவிதான், கூர்மையானதும்கூட

1998-ல் கேசிசி வந்தபோது அது விவசாயிக்குப் பெரிய விடுதலை. ஒவ்வொரு போகமும் சிட்டா, அடங்கல் தூக்கிக்கொண்டு புதிதாக மனுப்போட வேண்டியதில்லை. ஒருமுறை வரம்பு போட்டால் ஐந்து ஆண்டு எடுக்கலாம், கட்டலாம், மறுபடி எடுக்கலாம். எடுத்த பணத்துக்கு மட்டும், எடுத்த நாளிலிருந்துதான் வட்டி. 2025 ஜனவரி முதல் 2 லட்சம்வரை ஈடு கேட்கக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. லேவாதேவிக்காரரிடம் போவதைவிட இது நூறு மடங்கு மேல். சொத்தும் காகிதமும் உள்ளவர்கள் இதை வைத்திருப்பது நல்லதே.

ஆனால் இந்த வரம்பை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுதோறும் ஒரு குழு கூடி, இந்தப் பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை நிர்ணயிக்கும். உரம், பூச்சி மருந்து எல்லாம் சேர்த்த செலவு அது. அதை உங்கள் பரப்பால் பெருக்குவார்கள். அதன் மேல் வீட்டுச் செலவு, அறுவடைக்குப் பின் செலவு என்று 10 சதவீதம், பண்ணைப் பராமரிப்பு என்று 20 சதவீதம் சேர்ப்பார்கள். பிறகு ஆண்டுக்கு 10 சதவீதம் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆக, அட்டையில் இருக்கும் வரம்பு, ரசாயன விவசாயம் செய்கிறவரின் செலவுக்கும் மேலே நிற்கும் தொகை. உரமும் மருந்தும் வாங்காத உங்கள் தேவை அதைவிடக் குறைவு. மிச்சம் உள்ள இடைவெளிதான் ஆபத்தான இடம். காதுகுத்து, மாடி கட்டுவது, பையன் பைக் எல்லாம் அந்த இடைவெளி வழியாகத்தான் நுழைகின்றன.

கடனை மூட்டையால் அளங்கள்

ரூபாயில் பார்த்தால் கடன் கனம் தெரியாது. மூட்டையில் பார்த்தால் தெரியும். என் வயல் கணக்கையே சொல்கிறேன். உங்கள் ஊர்க் கூலிக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஏக்கர் தூயமல்லி, சம்பாப் பட்டம். உழவு, வரப்பு வேலை 5,500. நாற்றுப் பறித்து நடவு 6,500. இரண்டு களை 5,000. தக்கைப்பூண்டு விதை, பிண்ணாக்கு, வெல்லம், மற்ற கரைசல் செலவு 2,500. அறுவடை மெஷின் 4,500. ரொக்கமாகப் போனது 24,000. என் உழைப்பும் வீட்டுக்காரம்மா உழைப்பும் இதில் இல்லை.

விளைந்தது 60 கிலோ மூட்டை 22. 2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் விலை, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து, சாதாரண ரகம் குவிண்டால் 2,500, சன்ன ரகம் 2,545. சுலபமாக 2,500 என்று வைத்தால் ஒரு மூட்டை 1,500 ரூபாய். 22 மூட்டைக்கு 33,000. செலவு போக 9,000. வைக்கோல் மாட்டுக்கு.

இப்போது பாருங்கள். 24,000 முழுவதையும் கேசிசியில் எடுத்து ஆறு மாதத்தில் கட்டினால் வட்டி வெறும் 480 ரூபாய். வட்டி ஒரு பொருட்டே அல்ல. ஆனால் அசலோடு சேர்த்து 24,480. மூட்டைக்கணக்கில் 17. விளைந்த 22-ல் 17 மூட்டை களத்திலேயே வங்கிக்குச் சொந்தம். உங்கள் பத்தாயத்துக்கு வருவது ஐந்து.

அட்டை வரம்பு ஏக்கருக்கு 36,000 என்று வைத்துக்கொள்வோம். 'கிடைக்கிறதை எடுத்துப் போடுவோம்' என்று முழுதும் எடுத்தால், ஒரு வருட வட்டியோடு 37,440. அது 25 மூட்டை. உங்கள் வயலில் விளைவது 22! அந்த மூணு மூட்டை எங்கிருந்து வரும்? நகையிலிருந்து வரும், அல்லது தனியாரிடமிருந்து வரும். நாலு சதவீதக் கடன் நாலு வட்டிக் கடனாக மாறும் இடம் இதுதான்.

கெடு நெருங்கும்போது நடப்பதும் நமக்குத் தெரிந்ததே. தனியாரிடம் இரண்டு நாளைக்குக் கைமாற்று வாங்கி, கேசிசியைக் கட்டி, அதே வாரத்தில் மறுபடி எடுத்து அவருக்குத் திருப்பிக் கொடுப்பது. ஒன்றரை லட்சத்துக்கு 3 சதவீதச் சலுகை 4,500 ரூபாய். கைமாற்றுக்கு 1,500 கொடுத்தாலும் லாபம்தான், கணக்குப்படி தப்பில்லை. ஆனால் அசல் ஒரு ரூபாயும் குறைவதில்லை. ஐந்து வருடமாக இப்படித்தான் புரட்டுகிறேன் என்றால், நீங்கள் கடனைக் கட்டவில்லை, கடனுக்கு வாடகை கட்டுகிறீர்கள். ஒரு வருடம் மழையோ கொள்முதல் தாமதமோ கையைக் கட்டிப்போட்டால், கெடு தாண்டிய நாட்களுக்கு வங்கி தன் சாதாரண வட்டியைப் போடும். இரண்டு பயிர்ப் பருவம் தாண்டினால் வாராக்கடன் பட்டியல். நகைக்கடனிலும் வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்க விடாமல், அசலோடு மீட்டு மறுபடி வை என்று கேட்ட வங்கிகள் உண்டு. அங்கும் ஒருநாள் வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார்.

ஆகவே மூன்று பழக்கம் சொல்கிறேன். நடவுக்கு நடவுப் பணம், களைக்குக் களைப் பணம் என்று வேலை வந்தபிறகு எடுங்கள். வட்டியில் மிச்சம் பெரிதாக இருக்காது, ஆனால் கையில் சும்மா இருக்கும் பணம் வழி தேடிக்கொள்ளும். அறுத்த அன்றே கடனுக்குரிய மூட்டைகளைத் தனியாக அடுக்கி, அதை மட்டும் உடனே விற்றுக் கட்டுங்கள். மீதியை அரிசியாக்கி நிதானமாக விற்கலாம். அரிசியில் கூடுதல் கிடைக்கும், ஆனால் பத்து மாதம் சிறுகச் சிறுகத்தான் வரும். கெடு அப்படிச் சிறுகச் சிறுகக் காத்திருக்காது. மூன்றாவது, ஒவ்வொரு போகமும் எடுக்கும் தொகையை ஒரு ஏக்கருக்கு இரண்டு மூட்டை அளவாவது குறையுங்கள். ஏழெட்டுப் போகத்தில் உங்கள் பயிரை உங்கள் பணத்தில் வைப்பீர்கள்.

பர்ஸில் இருக்கும் இன்னொரு கார்டு

வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வரும் இளைஞர்கள் நம் இயக்கத்தில் நிறைய. அவர்கள் பர்ஸில் வேலைக்காலத்துக் கிரெடிட் கார்டு இருக்கும். இப்போது ரூபே கார்டை யுபிஐயில் சேர்த்து, டீக்கடை க்யூஆரிலும் கடன் சொல்ல முடிகிறது. சம்பளம் மாதாமாதம் வருகிறவருக்கு அது ஒரு வசதி. கெடு தேதிக்குள் முழுத் தொகையும் கட்டினால் வட்டியே இல்லை. நெல் பணம் வருடத்துக்கு ஒருதரமோ இருதரமோ வருகிறவருக்கு மாதாமாதம் வரும் பில் பொருந்தாது.

பொருந்தாதபோது 'குறைந்தபட்சம் இவ்வளவு கட்டினால் போதும்' என்ற வரி கண்ணில் படும். அந்த வரியின் விலையைப் பார்ப்போம். பாக்கி 50,000. குறைந்தபட்சம் 5 சதவீதம் என்று வைத்தால் 2,500 கட்டுகிறீர்கள். மீதி 47,500. மாதம் மூன்றரை சதவீத வட்டி 1,662. அதற்கு ஜி.எஸ்.டி. 299. அடுத்த பில் 49,461. கட்டியது 2,500, குறைந்தது 539. இப்படியே, புதிதாக ஒன்றும் வாங்காமல், ஒரு வருடம் கட்டிக்கொண்டு வந்தால் கட்டிய மொத்தம் ஏறத்தாழ 28,300. பாக்கி இன்னும் 43,900. பாக்கி வைத்திருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நொடியிலிருந்து வட்டி.

மேலே போட்ட வயல் கணக்கை நினைத்துப் பாருங்கள். மூன்று ஏக்கர் சம்பாவில் செலவு போக மிஞ்சுவது 27,000. மூன்று ஏக்கர், ஆறு மாத உழைப்பு, ஒரு கார்டின் குறைந்தபட்சத் தவணைக்குக்கூட ஈடாகவில்லை. விவசாயத்தில் இருந்து கிரெடிட் கார்டுக் கடனை அடைப்பது முடியாத காரியம் என்று நான் சொல்வது இதனால்தான். வேலையை விடுவதற்கு முன்பே சம்பளத்தில் அதை அடைத்து, கார்டை எழுத்துமூலம் மூடிவிட்டு வாருங்கள். இன்னும் ஆறு மாதம் வேலையில் இருந்தால் அடைத்துவிடலாம் என்றால், ஆறு மாதம் இருந்துவிட்டே வாருங்கள். நிலம் எங்கும் போகாது.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருக்க வேண்டாம். 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. கார்டு வட்டிக்கு இன்று அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை.

இயற்கை விவசாயத்துக்கு என்றே வாங்கும் கடன்

இதை நம்மவர்களுக்காகத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'இயற்கை விவசாயத்துக்குச் செலவே இல்லை' என்று மேடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசு மானியத்தில் யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதை நிறுத்துவதால் மட்டும் பெரிய மிச்சம் இல்லை. டி.ஏ.பி., பொட்டாஷ், களைக்கொல்லி, பூச்சி மருந்து, இவற்றில்தான் மிச்சம். களை எடுக்கும் ஆள் செலவு கூடும். மாறும் முதல் இரண்டு மூன்று வருடம் விளைச்சல் குறையவும் செய்யும்.

அந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் புதியவர்கள் கடனில் நாட்டு மாடு நாலு வாங்குகிறார்கள், கொட்டகை போடுகிறார்கள், வண்ண வண்ண லேபிள் ஒட்டிய கரைசல் பாட்டில்களை லிட்டர் கணக்கில் வாங்குகிறார்கள், அரிசி பேக்கிங் மெஷினுக்குத் தவணை கட்டுகிறார்கள். விளைச்சல் குறையும் காலத்தில் மாதத் தவணைக் கடன் கூடவே கூடாது. ஒரு மாடு போதும், அதுவும் பக்கத்து வீட்டு மாட்டுச் சாணம் கிடைத்தால் அந்த ஒன்றும் அவசரமில்லை. முதல் வருடம் எல்லா நிலத்தையும் மாற்றாமல், வீட்டுக்கு வேண்டிய அரிசி விளையும் அளவுக்கு மாற்றுங்கள். மெஷின் வாடகைக்குக் கிடைக்கிற வரையில் வாடகைக்கே எடுங்கள்.

நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய விதை கொடுத்து, அடுத்த ஆண்டு நாலு கிலோவாகத் திருப்பி வாங்கினார். சதவீதத்தில் பார்த்தால் பெரிய வட்டி. ஆனால் வயலில் விளைகிற பொருளாலேயே அடைகிற கடன் அது, விதைத்தவருக்குப் பாரம் ஆகாது, திருப்பியது இன்னொருவர் வயலுக்குப் போகும். உங்கள் ஊர்க் குழுவில் விதையையும் பிண்ணாக்கையும் நடவு உழைப்பையும் இப்படி மாற்றிக்கொண்டால், பயிர்ச் செலவில் ரொக்கம் போகும் பங்கு நிச்சயம் குறையும்.

மொய்யும் கடன்தான்

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்தாருக்கு மொய் விருந்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் கறி விருந்து வைத்து லட்சக்கணக்கில் மொய் வாங்கி, அதில் நிலம் வாங்கியவர்களும் பிள்ளையைப் படிக்க வைத்தவர்களும் உண்டு. வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் ஊரே ஊருக்கு வங்கியாக இருந்த ஏற்பாடு அது. மதிக்க வேண்டியதுதான். ஆனால் வந்த மொய் வருமானம் அல்ல. கூடுதலாகச் சேர்த்துத் திருப்ப வேண்டிய பாக்கி. வாங்கிய வருடமே வீட்டு அலங்காரத்தில் போட்டுவிட்டு, திருப்பும் வருடங்களில் நகையை அடகு வைக்கிறவர்களை நிறையப் பார்க்கலாம். கஜாவுக்குப் பிறகு திருப்ப முடியாமல் தலைகுனிந்தவர்கள் எத்தனை பேர்! மொய் நோட்டை எடுத்து, அடுத்த மூன்று வருடத்தில் எந்த மாதம் யாருக்கு எவ்வளவு என்று கடன் பட்டியலிலேயே சேர்த்து எழுதுங்கள்.

தையில் வந்த பணம் ஆனிவரை வர வேண்டும்

நம் வீட்டு நெருக்கடி எப்போது வருகிறது? தையிலும் மாசியிலும் கையில் பணம். பங்குனி, சித்திரை, வைகாசியில் கல்யாணம், கோயில் விழா, சீர். ஆனியில் பள்ளிக்கூட ஃபீஸ். ஆடியில் விதைப்புச் செலவு. ஐப்பசியில் தீபாவளி. ஆக, ஃபீஸுக்குப் பணம் வேண்டும்போது நெல் விற்று ஐந்து மாதம் ஆகியிருக்கும். நகை அடகுக்குப் போவது இந்த ஆனி, ஆடியில்தான்.

இதற்கு நான் கண்ட வழி, பணம் வந்த வாரமே பிரித்துவிடுவது. முதலில் கடனுக்குரிய மூட்டைப் பணம். அடுத்து, அடுத்த பட்டத்து நடவுவரை ஆகும் செலவில் பாதி. மூன்றாவது, ஆனி மாத ஃபீஸ், இதை வங்கியில் ஐந்து மாத வைப்பாகப் போட்டுவிடுங்கள், கைக்கு எட்டக் கூடாது. நாலாவது, மருத்துவத்துக்கு ஒரு தொகை. மிச்சம் இருப்பதுதான் விழாவுக்கும் வீட்டுக்கும். சாப்பாட்டு நெல்லும் விதை நெல்லும் விற்பனைக் கணக்குக்கே வரக் கூடாது. அறுவடை முடிந்து நெல்லை விற்றுவிட்டு ஆவணியில் அரிசிக் கடையில் கடன் சொல்வது நெல் உழவனுக்கு அழகல்ல.

விழாவைக் குறைக்கச் சொன்னால் 'ஊர் என்ன சொல்லும்' என்பார்கள். ஊர் ஒருநாள் சொல்லும். தவணை மாதாமாதம் வரும்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்

பயந்து ஒளிய வேண்டாம். எல்லாக் கடனையும் ஒரே தாளில், மேலே சொன்ன வட்டி மொழியில் எழுதுங்கள். வீட்டில் மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் தெரியட்டும். வட்டி கூடியதை முதலில் அடையுங்கள்: தண்டல், பிறகு கார்டு, பிறகு மைக்ரோ ஃபைனான்ஸ். கேசிசி கடைசி, ஆனால் அதன் கெடுவைத் தவற விடாதீர்கள். சும்மா இருக்கும் நகையை வங்கியில் வைத்து முக்கால் வட்டிக்கு வாங்கி, நாலு வட்டிக் கார்டையும் பத்து வட்டித் தண்டலையும் அடைப்பது நல்ல மாற்றம். அடைத்தபிறகு மறுபடி அந்தப் பக்கம் போகக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

புயல், வெள்ளம், வறட்சியில் 33 சதவீதத்துக்கு மேல் பயிர் போனதாக அரசு அறிவித்தால், பயிர்க்கடனைத் தவணைக்கடனாக மாற்றித் தர வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் இருக்கிறது. அதை நாமாக எழுத்தில் கேட்க வேண்டும். மனுவின் நகலில் வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. 2016-ல் தஞ்சை மாவட்டத்தில் ஒரு விவசாயியை டிராக்டர் தவணை பாக்கிக்காகப் போலீஸ் அடித்து இழுத்துப்போன காட்சியை நாடே பார்த்தது. கடன் பாக்கி குற்றம் அல்ல, அடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கந்துவட்டிக்கு எதிராக 2003-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வங்கி மேல் புகார் என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரின் 14448 என்ற எண் இருக்கிறது. மிரட்டல் வந்தால் தனியாகச் சமாளிக்க நினைக்காமல் இயக்கத்துத் தோழர்களுக்கு உடனே சொல்லுங்கள்.

தள்ளுபடியை நம்பிக் கட்டாமல் இருக்கலாமா என்று கேட்பார்கள். 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. 2021-ல் மட்டும் 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி. மூன்றுமே சட்டமன்றத் தேர்தல் ஆண்டு. மூன்றுமே கூட்டுறவுக் கடனுக்கு மட்டும். வங்கி கேசிசிக்கோ கார்டுக்கோ தண்டலுக்கோ இல்லை. 2016-ல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் என்றார்கள். வந்தால் வரட்டும், அது நம் உரிமை. அதை வரவுக் கணக்கில் எழுதாதீர்கள்.

கடைசியாகக் குத்தகைக்காரர்களுக்கு. கோயில் நிலம், மடத்து நிலம் உழுகிறவர்களுக்கு அடங்கல் பேரில் வராததால் நாலு சதவீதக் கடனே எட்டுவதில்லை. மூன்று வட்டி, ஐந்து வட்டிதான். 1969-ம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. நாலைந்து பேர் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து வங்கியைக் கேட்கவும் வழி இருக்கிறது. இதற்குச் சொந்த நிலம் உள்ளவர்கள் நாம் கூட நிற்க வேண்டும். சிக்கனம் பேசுவதற்கு முன் அவர்களுக்கு நியாயமான வட்டியில் கடன் கிடைக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு தாள் கொண்டுவாருங்கள். அதில் மூன்று கணக்கு இருக்கட்டும்: ஏக்கருக்கு ரொக்கச் செலவு எவ்வளவு, ஏக்கருக்கு எத்தனை மூட்டை, மொத்தக் கடன் எத்தனை மூட்டை. பெயர் எழுத வேண்டாம். எல்லாத் தாளையும் நடுவில் வைத்துப் பார்த்தால், நம் குழுவில் எதைக் கூட்டாகச் செய்து யாருடைய எத்தனை மூட்டையைக் காப்பாற்றலாம் என்று அன்றைக்கே பேசிவிடலாம்.